சென்னை சிட்டி கால்பந்துக் கழகமும் தரமிறக்கப் போராட்டமும்

தமிழ்நாட்டிலிருந்து ஐ-லீக் கால்பந்துப் போட்டியை வென்ற ஒரே அணி சென்னை சிட்டி கால்பந்துக் கழகம். 2018-19 பருவத்தில் அது பெற்ற வெற்றி பலருக்கும் நினைவிருக்கும். அதற்கு முந்தைய பருவத்தில் அதே அணி லீக்கிலிருந்து கீழே விழாமல் தப்பப் போராடியது. வெற்றி பெற்ற இரண்டே ஆண்டுகளில் லீக்கிலிருந்தே மறைந்தது. ஓர் அணியை ஆட்டத் தோல்வி வீழ்த்துகிறதா, வேறு காரணம் வீழ்த்துகிறதா என்ற கேள்விக்கு இக்கழகத்தின் வரலாறு தெளிவான விடை தருகிறது.

தரமிறக்கம் என்றால் என்ன?

திண்டுக்கல் பகுதி மாணவர்களுக்கு நன்கு தெரிந்த விளையாட்டு அணி, தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் ஆடும் திண்டுக்கல் டிராகன்ஸ். நத்தம் அருகேயுள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் அந்த லீக்கின் ஆட்டங்கள் நடந்துள்ளன. 2024இல் அந்த அணி கோப்பையை வென்றது. அந்த லீக்கில் கடைசி இடம் பிடிக்கும் அணிக்கும் அடுத்த ஆண்டு இடம் உண்டு. எட்டு அணிகள் ஆடுகின்றன, யாரும் வெளியேற்றப்படுவதில்லை.

கால்பந்தின் மரபு வேறு. அங்கே லீக்குகள் படிக்கட்டு போல ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருக்கும். மேல்படியில் கடைசியாக வரும் அணிகள் அடுத்த பருவத்தில் கீழ்ப்படிக்கு இறங்கும். கீழ்ப்படியில் முதலாக வரும் அணிகள் மேலே ஏறும். இறங்குவதைத் தரமிறக்கம் என்பர். இங்கிலாந்தில் முதல் நான்கு படிகளில் மட்டும் 92 கழகங்கள் ஆடுகின்றன. அவற்றுக்குக் கீழேயும் சிற்றூர் அணிகள் வரை பல படிகள் உள்ளன. இதனால் கோப்பைக்கான போட்டி முடிந்த பிறகும், பட்டியலின் அடியில் உள்ள அணிகளின் ஆட்டங்கள் கடைசி நாள் வரை சூடு குறையாமல் நடக்கும்.

இந்தியாவில் 2007-08இல் தொடங்கிய ஐ-லீக்கிலும் இம்முறை இருந்தது. 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐ.எஸ்.எல்., தரமிறக்கம் இல்லாத போட்டியாகவே நடத்தப்பட்டது.

ஐ-லீக்கில் நுழைவு

இந்தியன் வங்கி போன்ற சென்னை அணிகள் முன்பு தேசியக் கால்பந்து லீக்கில் ஆடியதுண்டு. பின்னர் பல ஆண்டுகள் தமிழ்நாட்டிலிருந்து ஐ-லீக்கில் அணி இல்லை. 2016இன் இறுதியில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு சென்னை சிட்டி, பஞ்சாபின் மினர்வா ஆகிய இரு அணிகளுக்கும் நேரடி நுழைவு அளித்தது. பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்தன. அவசரமாகத் திரட்டப்பட்ட அணியால் 2016-17 பருவத்தில் பத்து அணிகளில் எட்டாவது இடமே பெற முடிந்தது. கடைசி இடம் பெற்ற மும்பை எஃப்.சி. தரமிறங்கியது. அந்த அணி பின்னர் ஐ-லீக்குக்குத் திரும்பவே இல்லை. தரமிறக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சென்னை அணி முதல் ஆண்டிலேயே அருகிலிருந்து பார்த்தது.

2017-18: விளிம்பில் ஒரு பருவம்

இரண்டாம் பருவத்தில் அணியின் பெயரில் சென்னை இருந்தாலும் சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கம் ஆனது. திண்டுக்கல்லிலிருந்து பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகச் சென்றடையும் அந்நகரில், தேசிய லீக் கால்பந்தைக் கொங்குப் பகுதி ரசிகர்கள் நேரில் காணும் வாய்ப்புப் பெற்றனர்.

தொடக்கம் கசப்பாக அமைந்தது. 2017 நவம்பர் 29 அன்று கோவாவில் இந்தியன் ஏரோஸ் அணியிடம் 0-3 எனத் தோற்றது. ஏரோஸ் என்பது கூட்டமைப்பே நடத்திய இளையோர் அணி. அதில் ஆடியவர்களில் பலர், அதற்கு முந்தைய மாதம்தான் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடிய சிறுவர்கள்.

ஆனால் அதே அணி 2018 ஜனவரித் தொடக்கத்தில் மோகன் பகானை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என வென்றது. நூற்றாண்டு கடந்த அந்தக் கொல்கத்தா கழகத்தின் பயிற்சியாளர் சஞ்சய் சென், அந்தத் தோல்விக்குப் பின் பதவி விலகினார். பிப்ரவரியில் நிலை மீண்டும் தலைகீழானது. கொல்கத்தாவின் மற்றொரு பெரிய அணியான ஈஸ்ட் பெங்காலிடம் 1-7 எனத் தோற்றது. அந்த ஆட்டத்தில் டுடு ஒருவரே நான்கு கோல் அடித்தார். தரமிறக்கத்தை எதிர்த்துப் போராடும் அணிகளின் இயல்பே இதுதான். ஒரு நாள் மலையைச் சாய்க்கும்; மறுநாள் மடுவில் தடுக்கி விழும்.

பருவ முடிவில் பட்டியலின் அடிப்பகுதி இவ்வாறு இருந்தது. ஒவ்வோர் அணிக்கும் 18 ஆட்டங்கள்.

7. கோகுலம் கேரளா – 21 புள்ளிகள்
8. சென்னை சிட்டி – 19 புள்ளிகள்
9. சர்ச்சில் பிரதர்ஸ் – 17 புள்ளிகள்
10. இந்தியன் ஏரோஸ் – 15 புள்ளிகள்

ஏரோஸ் கூட்டமைப்பின் வளர்ச்சி அணி என்பதால் அதற்குத் தரமிறக்கம் கிடையாது. எனவே ஒன்பதாவது இடமே ஆபத்தான இடமானது. கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் முன்பு இருமுறை ஐ-லீக்கை வென்ற அணி. அது அந்த இடத்தில் சிக்கியது. சென்னை சிட்டிக்கும் அதற்கும் இடையே இருந்த தொலைவு இரண்டு புள்ளிகள் மட்டுமே. வெற்றிக்கு மூன்று புள்ளி, சமனுக்கு ஒரு புள்ளி என்பதால், மோகன் பகானிடம் பெற்ற அந்த ஒரு வெற்றி இல்லாவிட்டால் சென்னை அணி 16 புள்ளிகளுடன் ஒன்பதாவது இடத்துக்குப் போயிருக்கும்.

அந்தக் கடினமான பருவம் வீணாகவில்லை. கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊரைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் அந்தப் பருவத்தில் பெயர் பெற்றார். அடுத்து ஐ.எஸ்.எல்.லில் ஜாம்ஷெட்பூர் அணிக்குச் சென்ற அவர், 2019இல் இந்திய அணியிலும் இடம்பெற்றார்.

விளிம்பிலிருந்து உச்சிக்கு

2018-19 பருவத்துக்குச் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளரானார். பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சான்ட்ரோ ரொட்ரிகஸ் முதலிய வெளிநாட்டு வீரர்கள் வந்தனர். எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற தமிழ்நாட்டு வீரர்களும் உடன் ஆடினர். மான்சி 21 கோல்கள் அடித்தார்.

2019 மார்ச் 9, பருவத்தின் கடைசி நாள். கோயம்புத்தூரில் மினர்வாவை வென்றால் கோப்பை உறுதி. தவறினால் ஒரு புள்ளி பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் முந்தக்கூடும். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் அடித்தது. மான்சி பெனால்டி மூலம் சமன் செய்தார். தற்காப்பு ஆட்டக்காரரான கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடிக்க, ஆட்டம் 3-1 என முடிந்தது. அதே வேளையில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது. இறுதியில் சென்னை 43, ஈஸ்ட் பெங்கால் 42. முந்தைய ஆண்டு இரண்டு புள்ளியில் தப்பிய அணி, இந்த ஆண்டு ஒரு புள்ளியில் வாகை சூடியது.

மூன்றாவது தப்பித்தல்

2020-21 பருவம் கொரோனா காரணமாக மேற்கு வங்கத்திலேயே, கட்டுப்பாடுகளுக்குள் நடத்தப்பட்டது. 11 அணிகளும் தலா ஒருமுறை மோதிய பின், முதல் ஆறு அணிகள் கோப்பைக்கும் மற்ற ஐந்து அணிகள் தரமிறக்கத்தைத் தவிர்க்கவும் ஆடின. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வென்ற சென்னை சிட்டி இந்த ஐந்தில் ஒன்றாக இருந்தது. இப்போதும் அது தப்பியது. கடைசி இடம் மணிப்பூரின் நெரோகா அணிக்குப் போனது.

ஆனால் 2021-22 பருவம் தொடங்கியபோது, கடைசியாக வந்த நெரோகா லீக்கில் இருந்தது. தப்பிய சென்னை சிட்டி இல்லை. உரிமமும் நிதியும் சார்ந்த சிக்கல்கள், மைதானத் தோல்விகள் செய்யாததைச் செய்து முடித்தன.

ஏணியும் பாதுகாப்பும்

இது புதிய செய்தியன்று. முதல் தேசியக் கால்பந்து லீக்கை வென்ற பஞ்சாபின் ஜே.சி.டி. 2011இல் விலகியது. மும்பையின் மஹிந்திரா யுனைடெட் 2010இல் கலைக்கப்பட்டது. மாறாக, 2015-16இல் தரமிறக்க இடத்தில் முடித்த மிசோரத்தின் ஐஸ்வால் அணி, மீண்டும் சேர்க்கப்பட்டு அடுத்த பருவத்திலேயே ஐ-லீக்கை வென்றது. சர்ச்சில் பிரதர்ஸும் 2018-19இல் மீண்டும் இடம் பெற்று நான்காவதாக வந்தது.

இங்கிலாந்தின் பரி கழகத்தை இதனுடன் ஒப்பிடலாம். 2018-19இல், சென்னை சிட்டி கோப்பை வென்ற அதே பருவத்தில், நான்காம் படியில் இரண்டாவதாக வந்து மேல்படிக்குத் தகுதி பெற்றது பரி. ஆயினும் நிதிச் சிக்கலால் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. 1894 முதல் அந்த லீக்கில் ஆடிவந்த கழகம் அது. ஆனால் அதன் ரசிகர்கள் புதிய அணி ஒன்றைத் தொடங்கிக் கீழ்ப்படி வட்டார லீக்கிலிருந்து மீண்டும் ஏறத் தொடங்கினர். 2023இல் பழைய பெயரும் பழைய மைதானமும் திரும்பக் கிடைத்தன.

இரு கழகங்களும் விழுந்தது ஒரே வகைக் காரணத்தால்தான். பரி விழுந்தபோது கால் வைக்கக் கீழே படிகள் இருந்தன. அவற்றில் ஏற ஊர் மக்களும் இருந்தனர். சென்னை சிட்டிக்கு அப்படி ஓர் ஏணி அமையவில்லை.

தரமிறக்கம் ஓர் அணிக்கு அவமானமாகத் தோன்றலாம். உண்மையில் அது, தோற்ற அணிக்கும் ஆட ஓர் இடம் உண்டு என்னும் உறுதிமொழியாகும். மாவட்ட லீக், மாநில லீக், தேசிய லீக் என்று படிகள் இணைக்கப்பட்டு, ஒவ்வொரு படியிலும் கழகங்களின் வரவு செலவு கண்காணிக்கப்படும்போதுதான் அந்த உறுதிமொழி நிறைவேறும். அது நிறைவேறினால், திண்டுக்கல் சமவெளியின் ஒரு சிற்றூர் அணியும் தேசிய லீக்கை நோக்கி ஏறலாம். ஏறிய அணி தவறினாலும் அடியோடு அழியாது.