நாளைக்குக் கல் ரோடு: ‘வடக்கின் நரகம்’னு பேர் வந்த கதையும், மண்ணு பட்ட காயமும்

1/ நாளைக்கு, 2022 ஜூலை 6, டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தோட 5-வது ஸ்டேஜ். லீல் நகரத்துல கிளம்பி அரன்பெர்க்ல முடியுது. 150 கிலோமீட்டருக்கு மேல ஓட்டணும். அதுல 11 துண்டுகள், மொத்தமா கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், கருங்கல் பாவின பழைய வண்டிப் பாதை. சைக்கிள் பந்தயம் பாக்காதவங்களும் படிக்கலாம். கொஞ்சம் நீளமான இழை.

2/ இந்தக் கல் ரோட்டுக்கு பிரெஞ்சுல ‘பாவே’ன்னு பேரு. நம்ம ஊர்ல ‘கல் பாவுறது’ன்னு சொல்ற மாதிரியே காதுல விழும், ஆனா ரெண்டுக்கும் சொந்தம் ஒண்ணும் இல்ல. கோயில் பிராகாரத்துல இருக்குற மாதிரி வழவழப்பான தளம்னு நினைச்சுக்காதீங்க. ரொட்டித் துண்டு சைஸ் கல்லு, ஒண்ணு மேல ஒண்ணு கீழ, நடுவுல விரல் போற அளவுக்கு இடைவெளி.

3/ ஏன் இப்படி ஒரு ரோடு? பிரான்ஸோட வடக்குப் பகுதி சமவெளி. மழை பெஞ்சா களிமண் சேறு. சர்க்கரைக்கிழங்கு வண்டியும் நிலக்கரி வண்டியும் புதையாம போகணும்னு கல்லு பாவினாங்க. யாரும் பந்தயத்துக்காகப் போட்ட ரோடு இல்ல இது. விவசாயிக்கும் தொழிலாளிக்கும் போட்டது.

4/ இங்க நடக்குற புகழ்பெற்ற ஒருநாள் பந்தயம் பாரிஸ்-ரூபே. ஆரம்பிச்சது 1896-ல. ரூபே நூற்பாலை ஊரு. தியோதோர் வியன், மொரிஸ் பெரேஸ்னு ரெண்டு ஆலை முதலாளிங்க சேர்ந்து ஆரம்பிச்சாங்க. முதல் வருஷம் ஜெயிச்சவர் ஜெர்மனிக்காரர் யோசஃப் ஃபிஷர். அப்போ கல் ரோடு ஒரு விசேஷமே இல்ல. ஊர்ல நல்ல ரோடே அதுதான்.

5/ இந்தப் பந்தயத்துக்கு ‘வடக்கின் நரகம்’னு ஒரு பேர் உண்டு. கல்லு குலுக்குற குலுக்கலுக்குத்தான் அந்தப் பேர்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்ல. அந்தப் பேர் வந்தது முதல் உலகப்போர்ல இருந்து.

6/ போர் 1918 நவம்பர்ல முடிஞ்சுது. 1919 வசந்தத்துல பந்தயத்தைத் திரும்ப நடத்தலாமான்னு பாக்க, லோட்டோ பத்திரிகைக்காரங்க காரை எடுத்துக்கிட்டு வடக்கே போனாங்க. கூட யூஜின் கிரிஸ்தோஃப்னு ஒரு வீரர். ரோடு இருக்கா, ஊரு இருக்கான்னே தெரியாது.

7/ போனவங்க பாத்தது: மரம் இல்லாத நிலம். குண்டு விழுந்த குழி, குழி நிறைய தண்ணி. வீடு இருந்த இடத்துல செங்கல் குவியல். வரிசை வரிசையா சிலுவைகள். திரும்பி வந்து எழுதினப்போ ‘நரகம்’ங்கிற வார்த்தை வந்துடுச்சு. பேர் அப்படியே ஒட்டிக்கிச்சு.

8/ அந்த 1919 பந்தயம் ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு அன்னைக்கு நடந்துது. ஜெயிச்சவர் ஆன்ரி பெலிசியே. 12 மணி நேரத்துக்கு மேல சைக்கிள் மிதிச்சார்.

9/ அன்னைக்கு வராதவங்க பட்டியலையும் பாக்கணும். 1909, 1910, 1911 மூணு வருஷமும் ஜெயிச்ச ஆக்டாவ் லாபீஸ், போர் விமானியா 1917 ஜூலை 14-ல செத்துட்டார். 1913-ல ஜெயிச்ச ஃபிரான்சுவா ஃபாபர், 1915 மே 9-ல ஆராஸ் நகரத்துப் பக்கம் நடந்த தாக்குதல்ல செத்தார். அதே வடக்குப் பகுதி மண்ணுல. ரெண்டு பேருமே டூர் டி பிரான்ஸும் ஜெயிச்சவங்க.

10/ இனி என் துறைக்கு வரேன். அந்தப் போர்ல சிப்பாய்களைக் கொன்னது குண்டு மட்டும் இல்ல. மண்ணும்தான். அது நூற்றுக்கணக்கான வருஷமா மாட்டுச் சாணமும் குதிரைச் சாணமும் போட்டு உழுத விவசாய நிலம். அந்த மண்ணுல கிளாஸ்ட்ரிடியம் குடும்பத்துக் கிருமிகள் நிறைய. காத்து இல்லாத இடத்துல வளர்ற ஜாதி.

11/ அந்தக் குடும்பத்துல ஒண்ணு டெட்டனஸ் கொடுக்கும். வேற சிலது ‘கேஸ் காங்க்ரீன்’ கொடுக்கும். சதை அழுகி, உள்ள வாயு சேர்ந்து, தோலை அழுத்தினா நறநறன்னு சத்தம் வரும். அன்னைக்கு ஆன்டிபயாடிக் கிடையாது. பென்சிலின் கண்டுபிடிச்சதே 1928-ல.

12/ குண்டுச் சிதறல் உடம்புக்குள்ள போறப்போ சேறு படிஞ்ச யூனிஃபார்ம் துணியையும் சேர்த்து உள்ள தள்ளிடும். ஆரம்பத்துல டாக்டர்ங்க பழைய பழக்கப்படி மேல மருந்து போட்டுத் தச்சு மூடினாங்க. அதாவது காத்து பிடிக்காத கிருமிக்குக் காத்து இல்லாத வீடு கட்டிக் கொடுத்தாங்க. கையும் காலும் போச்சு, உயிரும் போச்சு.

13/ இதை மாத்தினவங்கள்ல ஒருத்தர் பெல்ஜியம் சர்ஜன் அன்ட்வான் டெபாஜ். கடலோர ஊரான டி பான்னேல போர் ஆஸ்பத்திரி நடத்தினார். இன்னைக்கு 4-வது ஸ்டேஜ் கிளம்பின டன்கெர்க்ல இருந்து அந்த ஊர் சுமார் 20 கிலோமீட்டர்தான்.

14/ அவர் முறை எளிமையானது: செத்த சதையை வெட்டி எடு. மண்ணு, துணி எல்லாத்தையும் வெளிய எடு. தைக்காதே. திறந்தே வை. காயத்துல இருந்து எடுத்ததை மைக்ராஸ்கோப்ல பாத்து, கிருமி குறைஞ்ச பிறகு தச்சு மூடு. இன்னைக்கு உலகம் பூரா பண்ற ‘டிப்ரைட்மென்ட்’, தாமதமா தைக்கிறது, ரெண்டும் அந்தப் போர்லதான் வலுவா வேர் பிடிச்சுது.

15/ இன்னொரு இடம் கொம்பியென். அங்க அலெக்சிஸ் காரெல்ங்கிற சர்ஜனும் ஹென்றி டேக்கின்ங்கிற வேதியியல்காரரும் சேர்ந்து, நீர்த்த ஹைப்போகுளோரைட் திரவத்தால காயத்தை விட்டு விட்டுக் கழுவுற முறையைக் கொண்டு வந்தாங்க. 1977-ல இருந்து பாரிஸ்-ரூபே பந்தயம் கிளம்புறது பாரிஸ்ல இல்ல, இந்தக் கொம்பியென்லதான். (வீட்டுல பிளீச்சிங் பவுடர் கரைச்சு காயத்துல ஊத்திடாதீங்க. அது வேற, இது வேற.)

16/ டெட்டனஸுக்கு அப்போ தடுப்பூசி இல்ல, குதிரை ரத்தத்துல இருந்து எடுத்த எதிர்ப்பு சீரம்தான். 1914 இறுதியில பிரிட்டிஷ் ராணுவம் காயம் பட்ட எல்லாருக்கும் அதைப் போட ஆரம்பிச்சதும் டெட்டனஸ் வேகமா குறைஞ்சுது. ஒரு ஊசி எவ்வளவு உயிரைக் காப்பாத்தும்கிறதுக்கு இதைவிட உதாரணம் வேணாம்.

17/ சரி, ரோட்டுக்குத் திரும்புவோம். நாளைக்கு முடியுற அரன்பெர்க் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரு. இந்தப் படுகையோட இன்னொரு பக்கத்துல, 1906 மார்ச் 10-ல, கூரியேர் சுரங்க வெடிவிபத்துல 1,099 பேர் செத்தாங்க. அதுல சின்னப் பசங்களும் உண்டு. 20 நாள் கழிச்சு 13 பேர் உயிரோட வெளிய வந்தாங்க.

18/ போலந்துல இருந்து குடும்பம் குடும்பமா இங்க வேலைக்கு வந்தாங்க. அப்படி ஒரு குடும்பத்துப் பையன் ஜான் ஸ்டாப்ளின்ஸ்கி. அரன்பெர்க் சுரங்கத்துல வேலை பாத்தவர். சைக்கிள் அவரை மேல கொண்டு வந்துது. 1962-ல உலக சாம்பியன்.

19/ 1960-கள்ல ஒரு சிக்கல். பந்தயம் டிவியில வர ஆரம்பிச்சுது. ‘எங்க ஊரு இப்படிப் பட்டிக்காடா தெரியுதே’ன்னு மேயர்கள் கல் ரோட்டு மேல தார் போட ஆரம்பிச்சாங்க. பந்தயம் நடத்துறவங்க கல் ரோட்டைத் தேடி அலையற நிலைமை.

20/ அப்போ ஸ்டாப்ளின்ஸ்கி ஒரு வழி சொன்னார்: அரன்பெர்க் காட்டுக்கு நடுவுல நேர்கோடா சுமார் 2.3 கிலோமீட்டர் கல் பாதை. 1968-ல முதல் தடவையா பந்தயம் அந்த வழியா போச்சு. அந்த ரோட்டுக்கு அடியில சுரங்கத்துல வேலை பாத்து, அதே ரோட்டு மேல பந்தயமும் ஓட்டினவர் அவர் ஒருத்தர்தான்னு சொல்வாங்க. இப்போ காட்டு முனையில அவருக்கு நினைவுக்கல் இருக்கு.

21/ சுரங்கத்தை 1989-ல மூடிட்டாங்க. 2012-ல அந்தச் சுரங்கப் பகுதி முழுசும் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். ஒரு காலத்துல வெக்கப்பட்ட கல் ரோட்டை இன்னைக்குத் தன்னார்வலர்களும் தோட்டக்கலை மாணவர்களும் கல்லு கல்லா எடுத்துப் பதிச்சுக் காப்பாத்துறாங்க.

22/ இப்போ அந்தக் காட்டுல நடந்த ஒரு விபத்து. 1998 ஏப்ரல். பெல்ஜியத்தோட யோகான் முசேயூ. முந்தின வாரம்தான் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தை ஜெயிச்சவர். அரன்பெர்க் கல்லுல விழுந்தார். இடது முழங்கால் சில்லு உடைஞ்சுது. எலும்பு முறிவு பெரிய விஷயமில்ல, அதை நாங்க சரி பண்ணிடுவோம். அதுக்கப்புறம் வந்ததுதான் பெரிசு.

23/ காயத்துல தொற்று. காங்க்ரீன். காலை எடுக்கணுமாங்கிற அளவுக்குப் போச்சு. 80 வருஷம் முன்னாடி சிப்பாய்களைக் கொன்ன அதே வட பிரான்ஸ் மண்ணு, 1998-ல ஒரு உலக சாம்பியனோட காலைக் கேட்டுது. இந்தத் தடவை ஆன்டிபயாடிக் இருந்துது, ஆபரேஷன் இருந்துது. கால் தப்பிச்சுது.

24/ ரெண்டு வருஷம் கழிச்சு, 2000-ல, அவர் பாரிஸ்-ரூபே ஜெயிச்சார். கோட்டைத் தாண்டுறப்போ இடது காலைத் தூக்கி முழங்காலைக் கையால காட்டினார். 2002-ல இன்னொரு தடவையும் ஜெயிச்சார்.

25/ அப்போ மூணு வாரம் ஓடுற டூர்ல இந்த ரோட்டை ஏன் சேர்க்கணும்? நியாயமான கேள்வி. மலை ஏறுறவர் 60 கிலோ இருப்பார். கல்லு மேல அவரை சைக்கிள் பந்து மாதிரி தூக்கிப் போடும். 2004-ல இபான் மாயோ கல் ரோடு வர்றதுக்கு முன்னாடியே விழுந்து, கிட்டத்தட்ட 4 நிமிஷம் இழந்தார். 2010-ல ஃபிராங்க் ஷ்லெக்குக்கு காலர் எலும்பு முறிவு.

26/ 1980-ல லியேஜ்-லீல் ஸ்டேஜை மழையில பெர்னார் இனோ ஜெயிச்சார். ஆனா முழங்கால் தசைநாண் வீங்கி, அதே டூர்ல மஞ்சள் ஜெர்சியோடயே ராத்திரி பந்தயத்தை விட்டுப் போனார். 2014-ல கிறிஸ் ஃப்ரூம் கல் ரோட்டைத் தொடாமலே அதே நாள்ல ரெண்டு தடவை விழுந்து வெளிய போனார். அன்னைக்கு மூணாவதா வந்த நிபாலி கான்டடோரைவிட ரெண்டரை நிமிஷம் முன்னாடி. கடைசியில டூரும் அவருக்குத்தான்.

27/ கவனிச்சீங்களா? பாதிப் பேர் கல்லுல விழல. கல்லு வர்றதுக்கு முன்னாடி விழுந்தாங்க. குறுகலான ரோட்டுக்குள்ள முதல்ல நுழையணும்னு 170 பேருக்கு மேல ஒரே நேரத்துல முண்டுறப்போ தார் ரோட்டுலயே விபத்து நடக்கும். நாளைக்கு டிவி பாக்குறவங்க ஒவ்வொரு கல் துண்டுக்கும் முந்தின 3 கிலோமீட்டரைப் பாருங்க.

28/ யாரைப் பாக்கணும்? மஞ்சள் ஜெர்சியில வவுட் வான் ஆர்ட். முதல் மூணு ஸ்டேஜ்லயும் ரெண்டாவது, இன்னைக்கு தனியா போய் ஜெயிச்சார். இந்த ரோடெல்லாம் அவருக்கு சொந்த ஊர் மாதிரி. ஆனா அவர் அணியில ரோக்லிச், விங்கெகார்னு ரெண்டு தலைவர்கள். அவங்களைக் காப்பாத்துறதா, தான் ஜெயிக்கிறதா? இன்னொரு பக்கம் போகச்சார். மலைக்காரர், ஆனா இந்த வருஷம் ஃபிளாண்டர்ஸ் கல்லுல ஓட்டி நாலாவது வந்தவர்.

29/ டாக்டரா நான் பாக்கப் போறது கையும் தோளும். கைப்பிடி அதிர்வுல மணிக்கட்டுக்கிட்ட அல்னார் நரம்பு அழுந்தி மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போகும், பிரேக் பிடிக்கிற கை தளரும். விழுந்தா காலர் எலும்பு முறியலாம், தோள் மூட்டு விலகலாம். போன அக்டோபர்ல நடந்த முதல் பெண்கள் பாரிஸ்-ரூபேல ஜெயிச்ச லிஸி டேக்னனோட கைப்பிடியில ரத்தம் ஒட்டியிருந்துது.

30/ இனி நமக்கு. நம்ம ரோட்டுல டூ வீலர்ல விழுறவங்களுக்கும் இதே மண்ணுக் காயம்தான். கேசுவாலிட்டியில ‘ஏன் டாக்டர் தைக்காம விட்டுட்டீங்க?’ன்னு கோவமா கேப்பாங்க. அலட்சியம் இல்லங்க அது. அழுக்குக் காயத்தை அவசரப்பட்டு மூடக் கூடாதுங்கிறது, அந்தச் சிப்பாய்ங்க உயிரைக் கொடுத்து எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம்.

31/ மண்ணு பட்ட காயம்னா: ஓடுற குழாய்த் தண்ணியில சோப்புப் போட்டு நல்லா கழுவுங்க. காபித்தூள், மஞ்சள், சாணி, பேஸ்ட் எதுவும் வேணாம். ஆழமா இருந்தா ஆஸ்பத்திரிக்கு வாங்க. கடைசியா டிடி ஊசி எப்போ போட்டீங்கன்னு ஞாபகம் இல்லன்னா அதையும் சொல்லுங்க. அரசு ஆஸ்பத்திரியில இலவசம்தான்.

32/ காயத்துக்குச் சம்பந்தமில்லாம வலி ஏறிக்கிட்டே போனா, சுத்தி வீங்கினா, நிறம் மாறினா, கெட்ட வாடை வந்தா காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. அந்த ராத்திரியே வாங்க. காங்க்ரீன்ல மணி நேரம்தான் கணக்கு.

33/ நாளைக்கு மழை இல்லன்னா தூசி, மழை வந்தா சேறு. ரெண்டுல எதுவா இருந்தாலும் எல்லாரும் முழுசா வீடு போய்ச் சேரணும்னு வேண்டிக்கிட்டு, டியூட்டி முடிஞ்சு சாயங்காலம் பாக்கப் போறேன். பாக்குறவங்க உங்க கணிப்பைக் கீழ சொல்லுங்க. என் ஓட்டு போகச்சாருக்கு.