நெல்லைப் பள்ளியின் மாணாக்கரும் நம்மவரும்

விடுதலைப் போராட்டத்தைத் திசையன்விளைப் பிள்ளைகளுக்குச் சொல்லப் புகுவோர், திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியிலிருந்து தொடங்கலாம். வ. உ. சிதம்பரனாரும் பாரதியாரும் அங்குப் பயின்றவர்களே. (பாரதியார் அந்த ஆங்கிலக் கல்வியைப் பின்னாளில் தம் சுயசரிதையில் கடிந்துரைத்தது வேறு செய்தி!)

அப்பள்ளியின் பழைய மாணாக்கராகிய சிதம்பரனார், 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவற்றுள் 8,000 பங்குகளை ஹாஜி முகம்மது பக்கீர் சேட் ஒருவரே ஏற்றார். இரண்டு லட்ச ரூபாய். ஐந்தில் ஒரு பாகம்! வெள்ளையர் கப்பல் கம்பெனியின் பகையை அறிந்தே இட்ட முதல் அது. கப்பலோட்டிய தமிழரைப் போற்றும் மேடைகளில் இப்பெயர் எத்துணை முறை ஒலிக்கிறது?

1908 மார்ச் 12-இல் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைதாயினர். மறுநாள் வெள்ளிக்கிழமை. நெல்லையில் கடைகள் அடைபட்டன. மாணவர்களும் வீதிக்கு வந்தனர். நகராட்சி அலுவலகம் தீக்கிரையாயிற்று. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அவர்களில் ஒருவர் முஸ்லிம். பங்கு வாங்கிய செல்வரின் பெயரையேனும் ஏடுகள் காத்தன. உயிரைக் கொடுத்த அவருடைய பெயரை நம் இல்லங்களில் எவரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கேட்டதில்லை.