துரையும் பெரும்புள்ளியும்

பெரிய மனிதர்க்குப் பட்டம் சூட்டுவோர் இரு திறத்தார். அரசு சூட்டுவது ஒரு வகை. ராவ்பகதூர், திவான்பகதூர் என வெள்ளையர் வழங்கிய அத்தகைய பட்டங்களை நம் அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு நிறுத்திவிட்டது. மற்றொன்று, எளியோர் தம்முள் பேசிக்கொள்ளும்போது சூட்டுவது. அதனை நிறுத்தச் சட்டம் இல்லை. ஆங்கிலத்தில் இவ்வகைப் பேச்சுவழக்குச் சொற்கள் மிகப் பல. அவற்றையும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம், பீர்மேடு ஆகிய கேரள எல்லைப் பகுதிகளில் வாழும் நம்மவர் வழங்கும் சொற்களையும் அருகருகே வைத்து நோக்கினால், அதிகாரம் நடந்து வந்த பாதை தெளிவாகப் புலப்படும்.

முதலில் ஆங்கிலச் சொற்களைக் காண்போம். 'பிக்விக்' என்றால் பெரிய பொய்முடி என்று பொருள். இங்கிலாந்தில் உயர்குலத்தாரும் நீதிபதிகளும் நீண்ட பொய்முடி அணிந்த காலத்தில் பிறந்த கேலிப்பெயர் அது. 'பாஸ்' என்பது டச்சு மொழியிலிருந்து அமெரிக்கா சென்று பரவியது. 'டைக்கூன்' ஜப்பானிய ஆட்சித் தலைவரைக் குறித்த பட்டம். ஆப்ரகாம் லிங்கனை அவருடைய செயலாளர்களே தமக்குள் அப்பெயரால் குறிப்பிட்டனர்.

இவற்றுள் நம் நாட்டுச் சரக்கும் உண்டு. நவாபு என்னும் சொல்லே 'நேபாப்' ஆயிற்று. வங்காளத்திலும் சென்னையிலும் பொருள் குவித்துத் தாயகம் மீண்டு, நிலமும் நாடாளுமன்ற இடமும் விலைக்கு வாங்கிய கம்பெனி ஊழியரை ஆங்கிலேயரே அவ்வாறு இகழ்ந்தனர். 1772இல் சாமுவேல் ஃபூட் இப்பெயரிலேயே ஒரு நாடகம் அரங்கேற்றினார். முகலாயர் பெயர் 'மொகல்' ஆகித் திரைப்பட முதலாளிகளைக் குறிக்கலாயிற்று. உயர் அதிகாரிகளைச் சுட்டும் 'மாண்டரின்' என்பதோ, மந்திரி என நாம் வழங்கும் வடசொல் மலாய், போர்ச்சுகீசிய மொழிகள் வழியே சென்று அடைந்த வடிவம். இத்தகைய சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியின் ஆசிரியர் இருவருள் ஒருவரான பர்னெல், தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர்.

நம் சொற்களைக் கொண்டு அவர்கள் தம் பெரிய மனிதரைக் கேலி செய்தார்கள். அவர்கள் மலையேறி வந்தபோது நாம் அவர்களுக்குக் கொடுத்த சொல் எது? 'துரை' என்பதே. தெலுங்கில் 'தொர' என வழங்கும் இச்சொல் தலைவனைக் குறிக்கும். வெள்ளையர் ஆட்சிக்கே 'துரைத்தனம்' என்று பெயராயிற்று. 1877இல் பூஞ்ஞாற்று அரசரிடம் ஜே. டி. மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1897இல் அங்கே கம்பெனி எழுந்தது. கங்காணிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து அழைத்து வந்த மக்கள், தோட்ட மேலாளரைப் பெரிய துரை என்றும் உதவி மேலாளரைச் சின்ன துரை என்றும் அழைத்தனர். 'லைன்' வீடு 'லயம்' ஆனது.

வியப்பு யாதெனில், வெள்ளைத் துரைகள் போன பின்னும் சொல் போகவில்லை. 1976இல் டாட்டா பின்லே, 1983இல் டாட்டா டீ, 2005இல் தொழிலாளரே பங்குதாரராகச் சேர்ந்த புதிய நிறுவனம் எனப் பெயர்ப்பலகை மாறிக்கொண்டே வந்தது. நாற்காலியில் அமர்ந்தவர் நிறமும் மொழியும் மாறின. லயத்தில் 'துரை' மட்டும் நிலைத்தது. பங்குப் பத்திரம் வைத்திருப்பவர், தாம் பங்கு கொண்ட நிறுவனத்தின் மேலாளரைத் துரை என விளிப்பது எண்ணத்தக்கது அன்றோ?

பாலக்காட்டுப் பக்கம் வேறொரு சுவை உண்டு. தமிழில் செல்வாக்குடையவரைப் 'பெரும்புள்ளி' என்கிறோம். மலையாளத்திலோ 'புள்ளி' என்றால் 'அந்த ஆள்' என்பதே பொருள். 'தடவுப்புள்ளி' என்றால் சிறைக்கைதி! எல்லைக்கு இப்பால் பெருமை பெற்ற புள்ளி, அப்பால் எல்லோருக்கும் பொதுவாயிற்று. பெரும் குற்றவாளியைத் தமிழர் 'திமிங்கலம்' என்றால், மலையாளிகள் 'வம்பன் ஸ்ராவு', அதாவது பெருஞ்சுறா, என்பர். கடல் காணாத மலையடிவாரத்திலும் இவ்வுவமைகள் வழங்குகின்றன.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பரவிய 'வி.ஐ.பி.' இப்போது எல்லா மொழிக்கும் பொதுச்சொல். மத்திய அரசு அலுவலகங்களில் நாடாளுமன்ற உறுப்பினரின் கடிதம் 'வி.ஐ.பி. ரெஃபரன்ஸ்' எனத் தனியே பதிவாகும். சாதாரண விண்ணப்பம் அதன் பின்னே காத்திருக்கும். கோப்புகளோடு பழகிய எனக்கு இச்சொல்லின் எடை நன்கு தெரியும். 2017 மே முதல் நாள் தொட்டு அமைச்சர் கார்களின் சிவப்புச் சுழல்விளக்கு அகன்றது, சொல் அகலவில்லை.

எனினும் சொல்லின் பிடி நிரந்தரமன்று. 2015 செப்டம்பரில் மூணாற்றின் தமிழ்ப் பெண் தொழிலாளர், 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் 20 விழுக்காடு போனசு கேட்டுச் சாலையில் அமர்ந்தனர். நிர்வாகத்துக்கு மட்டுமன்றி, தமக்காகப் பேச வந்த சங்கத் தலைவர்களுக்கும் அவர்கள் பணியவில்லை. ஒன்பது நாள் போராட்டத்தின் பின் கேட்ட 20 விழுக்காடு கிட்டியது. தாமே முன்னின்று போராடிப் பெற்ற வெற்றி அது.

ஆகவே நம் கடமை இரண்டு. முதியோர் வாயில் எஞ்சியுள்ள துரை, கங்காணி, லயம் முதலிய சொற்களை அவற்றின் கதையோடு எழுதி வைத்தல் ஒன்று. அவர்கள் மறைந்தால் அவையும் மறையும். அச்சொற்களின் பொருளைப் பிள்ளைகளுக்கு விளக்கி, விளிக்கும் கட்டாயத்திலிருந்து அவர்களை விடுவித்தல் மற்றொன்று. துரை என்ற சொல் அகராதியில் இருக்கட்டும். நம் பிள்ளைகள் எவர் முன்னும் நிமிர்ந்து நின்று, 'ஐயா' என்று மட்டும் அழைக்கட்டும்.