நடைப்பிண விளையாட்டுகளில் 'மாட்': ஆடுபவர்கள் எழுதிய விதிகள்

மாட்: ஒரு கணினி விளையாட்டில் அதைத் தயாரித்த நிறுவனம் அல்லாமல் ஆடுபவர்களே செய்து சேர்க்கும் மாற்றம். துப்பாக்கிக்கு வேறு நிறம் பூசுவதும் மாட்தான், ஆட்டத்தின் நோக்கத்தையே மாற்றிவிடுவதும் மாட்தான். செத்தவர்கள் எழுந்து துரத்தும் உலகில் உயிரோடு தாக்குப்பிடிப்பதே வேலையாக உள்ள ஜாம்பி விளையாட்டுகளில் இந்தப் பழக்கம் அளவுக்கு மீறி வேர்விட்டது. அந்த வகையின் முக்கியமான விதிகள் பலவற்றைச் சம்பளம் வாங்காதவர்களே முதலில் எழுதினார்கள்.

ஜாம்பிக்குத் தமிழில் 'நடைப்பிணம்' என்ற சொல் முன்பே தயாராக இருந்தது. பிணத்துக்குள் புகுந்து பேசும் வேதாளமும் நமக்குப் பழக்கமானதே. 2016இல் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கத்தில் ஜெயம் ரவி நடித்த படம் 'மிருதன்' என்று ஒரு புதுச்சொல்லையும் தந்தது. மிருகமும் மனிதனும் சேர்ந்த சொல் அது.

பரமபதத்தில் ஒரு முன்கதை

பிறர் செய்த ஆட்டத்தில் கை வைப்பது கணினியோடு பிறந்த பழக்கம் அல்ல. வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்கும் இரவில் ஸ்ரீரங்கத்து வீடுகளில் பரமபதப் படத்தை விரித்துத் தாயக்கட்டை உருட்டுவது நெடுங்கால வழக்கம். விடியலில் ரங்கநாதர் கோயிலில் பரமபதவாசல் திறக்கும். அதுவரை தூக்கம் வராமல் இருக்க, படத்தின் உச்சியில் உள்ள வைகுண்டத்தை நோக்கிக் காய்கள் ஏறும். நற்குணங்கள் ஏணியாகும், அசுரர்களும் தீக்குணங்களும் பாம்பாகும். உச்சிக்கு அருகே வாய் திறந்து கிடக்கும் நீளப் பாம்பு கடித்தால் காய் அடிமட்டத்துக்கே வந்துவிடும்.

இந்தியாவின் பல பகுதிகளில் பல பெயர்களில் ஆடப்பட்ட இந்த விளையாட்டு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் அச்சாகத் தொடங்கியது. வைகுண்டம் போய் 100 என்ற எண் வந்தது. இந்தியப் படங்களில் பாம்புகள் அதிகம், ஏணிகள் குறைவு. ஆங்கிலப் பதிப்புகள் பல இரண்டையும் சமமாக்கின. 1943இல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி நிறுவனம் வெளியிட்டபோது பாம்பும் போய்ச் சறுக்குமரம் வந்துவிட்டது. கதையும் சாமியும் ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்கிக்கொள்ள, 'ஏறு, சறுக்கு' என்ற விதி மட்டும் பயணத்தைத் தொடர்ந்தது. ஜாம்பி மாட்களுக்கும் அடுத்த நூற்றாண்டில் இதுவே நடந்தது.

தொடக்கம்

1998இல் வந்த, வால்வ் நிறுவனம் உருவாக்கிய ஹாஃப்-லைஃப் விளையாட்டு, மாட் செய்பவர்களுக்குத் திறந்த வீடாக இருந்தது. 1999இல் நீல் மான்கியும் அவருடைய குழுவும் அதை வைத்து 'தே ஹங்கர்' என்ற திகில் மாட்டைச் செய்தார்கள். விண்வெளி உயிரிகள் இருந்த இடத்தில் நடைப்பிணங்கள் வந்தன. அதே ஆண்டு அதே ஹாஃப்-லைஃபிலிருந்து மின் லீ, ஜெஸ் கிளிஃப் இருவரும் உருவாக்கிய மாட்தான் கவுன்டர்-ஸ்ட்ரைக். 2000களில் தமிழ்நாட்டு பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் காசு கொடுத்து லேன் இணைப்பில் அதை ஆடிய பள்ளி, கல்லூரி மாணவர்களில் பலருக்கு அது ஒரு மாட்டாகப் பிறந்தது என்பதே தெரியாது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் மேலும் ஜாம்பி மாட்கள் எழுதப்பட்டன. ஒருவர் ஜாம்பியாகத் தொடங்கித் தொட்டவரையெல்லாம் தன் பக்கம் சேர்த்துக்கொண்டே போவார். தெருவில் ஆடும் தொட்டுப் பிடிக்கும் விளையாட்டின் கணினி வடிவம் அது.

2005இல் அன்ரியல் டோர்னமென்ட் 2004இன் மாட்டாக வந்த கில்லிங் ஃப்ளோர், 2009இல் ட்ரிப்வயர் நிறுவனத்தின் தனி விளையாட்டாகக் கடைக்கு வந்தது. மாட் செய்தால் பிழைக்கலாம் என்ற நம்பிக்கை அந்த ஆண்டுகளில்தான் பலருக்கு ஏற்பட்டது.

டேஸீ

இந்த வரலாற்றில் நின்று பார்க்க வேண்டிய இடம் 2012. நியூசிலாந்து ராணுவத்தில் இருந்த டீன் ஹால், சிங்கப்பூர் ராணுவத்தோடு பரிமாற்ற முறையில் புருனே காட்டில் உயிர்பிழைப்புப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர். உணவில்லாமல் தவித்து, உடல் மிகவும் கெட்டுத் திரும்பிய அனுபவம் அது. பசியும் அச்சமும் மனிதனை என்ன முடிவெடுக்க வைக்கும் என்பதை ஒரு விளையாட்டுக்குள் கொண்டுவர முடியுமா என்ற கேள்வி அவருக்கு அங்கிருந்து வந்தது. செக் நாட்டின் பொஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் 2009இல் வெளியிட்ட ஆர்மா 2 என்ற ராணுவ விளையாட்டை எடுத்துக்கொண்டு, அதன் செர்னாரஸ் நிலப்பரப்பில் 'டேஸீ' என்ற தன் மாட்டை எழுதினார். சுமார் 225 சதுர கிலோமீட்டர் கொண்ட கற்பனை நாடு அது. செக் நாட்டின் ஒரு வட்டாரத்தைப் பார்த்து வரைந்தது.

டேஸீ சேர்த்த விதிகள் அதுவரை துப்பாக்கி ஆட்டங்கள் பழக்கியிருந்த எல்லாவற்றுக்கும் எதிரானவை. செத்தால் செத்ததுதான். பையில் இருந்த பொருள்கள், நாள்கணக்கில் சேர்த்த உணவு எல்லாம் போய், கடற்கரையில் வெறுங்கையாக மீண்டும் தொடங்க வேண்டும். ஆரம்பப் பதிப்புகளில் ஒரு மக்காரோவ் கைத்துப்பாக்கி கொடுத்தார்கள், பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். பசி, தாகம், உடல் வெப்பம் மூன்றும் தனித்தனியாகக் குறைந்துகொண்டே வரும். கால் உடைந்தால் மார்ஃபின் கிடைக்கும்வரை தவழ்ந்துதான் போக வேண்டும். ஒரு சர்வரிலிருந்து வெளியேறி இன்னொன்றில் நுழைந்தாலும் அதே உடல், அதே காயம், அதே பசி.

ரத்தம் பற்றிய விதி இவற்றில் மிக நுட்பமானது. முழு உடலுக்கு 12,000 அலகு. காயம்பட்டால் கட்டுப்போடும்வரை வடிந்துகொண்டே இருக்கும், பார்வை மெல்ல மெல்ல வெளுக்கும். சமைத்த இறைச்சி கொஞ்சம் மீட்டுத் தரும். முழுதாக மீள வேண்டுமானால் ரத்தப் பை ஏற்ற வேண்டும். அதைத் தனக்குத்தானே ஏற்றிக்கொள்ள முடியாது, இன்னொருவர் கை வேண்டும். அந்த இன்னொருவர் ரத்தம் ஏற்றுவாரா, சுட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போவாரா என்பது எந்த நிரலிலும் எழுதப்படவில்லை. டேஸீயின் அச்சம் முழுவதும் அந்த எழுதப்படாத இடத்தில் இருந்தது. நடைப்பிணம் என்ன செய்யும் என்பது தெரிந்த விஷயம். மலையடிவாரத்தில் எதிரே வரும் மனிதர் என்ன செய்வார் என்பதுதான் தெரியாது.

ஹால் அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்: மனிதத்தன்மை. பிறருக்குக் கட்டுப்போட்டால், ரத்தம் ஏற்றினால் அது கூடும். தாக்காதவரைக் கொன்றால் குறையும். மிகவும் குறைந்துபோனவரின் உடையே கொள்ளைக்காரன் உடையாக மாறிவிடும், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். உயிருக்குப் பயந்து சுட்டவருக்கும் அதே உடை வந்ததால் ஆடுபவர்களிடம் எதிர்ப்பு எழுந்தது. அந்த விதி ஒருமுறை எடுக்கப்பட்டு, உடைக்குப் பதிலாகக் கொள்ளைக்காரர் அருகில் இருந்தால் இதயத் துடிப்பு கேட்கும் முறை வந்தது, பின்னர் உடையும் திரும்பி வந்தது. ஒரு குற்றவாளியை முகத்தில் அடையாளம் வைத்துக் காட்டலாமா என்ற பழைய கேள்வியை இவ்வளவு பேர் சேர்ந்து நடைமுறையில் சோதித்துப் பார்த்த இடம் வேறு இருக்க முடியாது.

முதல் வாரங்களில் ஒருவரின் சராசரி ஆயுள் அரை மணி நேரத்தை ஒட்டியே இருந்தது. ஆனாலும் கூட்டம் குறையவில்லை. 2012 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆடியவர்களின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தொட்டது. மாட்டை ஆட மூல விளையாட்டு வேண்டும் என்பதால், மூன்று வயதான ஆர்மா 2 ஸ்டீம் இணையக் கடையின் விற்பனைப் பட்டியலின் உச்சிக்கு ஏறியது.

மாட்டின் மேல் மாட்

டேஸீயின் கடுமை எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. சாவுக்கும் ஓட்டத்துக்கும் நடுவே வாழ்வதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று நினைத்தவர்கள் 'டேஸீ எபோக்' செய்தார்கள். அதில் வீடு கட்டலாம், பூட்டுப் போடலாம், தங்கக் கட்டியைக் கொடுத்து வணிகர்களிடம் பொருள் வாங்கலாம். நாடோடி ஆட்டம் குடியேறிகளின் ஆட்டமானது. 'நமல்ஸ்க்' மாட் குளிரையே முதல் எதிரியாக வைத்துப் பனித்தீவு ஒன்றைத் தந்தது. தனக்குத்தானே ரத்தம் ஏற்றிக்கொள்ளும் வசதியைச் சில சர்வர்கள் சேர்த்துக்கொண்டன. வசதிதான், ஆனால் முன்பின் தெரியாதவரை நம்ப வேண்டிய கட்டாயம் அதோடு போய்விட்டது.

பொஹீமியா நிறுவனம் 2013 டிசம்பர் 16 அன்று டேஸீயைத் தனி விளையாட்டாக முன்வெளியீட்டில் விற்கத் தொடங்கியது. முதல் மாதத்திலேயே 10 லட்சம் பிரதிகள் போயின. முழுமையான 1.0 பதிப்பு வர 2018 டிசம்பர் ஆயிற்று. அதற்குள் ஹால் நிறுவனத்தைவிட்டுப் போயிருந்தார். தனி விளையாட்டுக்கும் மாட் வசதி திறந்ததும் அதே கதை மறுபடி நடந்தது. டேஸீ எக்ஸ்பான்ஷன் என்ற மாட் ஹெலிகாப்டர்களையும் சந்தையையும் கொண்டுவந்தது. நமல்ஸ்க் புது உருவில் திரும்பியது.

வால்வ் நிறுவனத்தின் லெஃப்ட் 4 டெட் 2 இன்னும் ஒரு படி மேலே போனது. ஆடுபவர்களின் குழு ஒன்று செய்த 'தி லாஸ்ட் ஸ்டாண்ட்' தொகுப்பை 2020 செப்டம்பரில் நிறுவனமே அதிகாரபூர்வமாக வெளியிட்டது. அப்போது அந்த விளையாட்டுக்கு வயது கிட்டத்தட்ட 11.

ப்ராஜெக்ட் ஸோம்பாய்ட்

இங்கிலாந்தின் தி இன்டி ஸ்டோன் குழு 2011இலிருந்து விரித்துவரும் ப்ராஜெக்ட் ஸோம்பாய்ட், மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் கோணத்தில் ஆடுவது. களம் அமெரிக்காவின் கென்டக்கி, காலம் 1993. லூவா மொழியில் எழுதத் தெரிந்த எவரும் இதில் கை வைக்கலாம் என்பதால் மாட்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. தொடக்கப் பதிப்பில் பேசிப் பழகும் துணை மனிதர்கள் இருந்தார்கள், பிறகு எடுக்கப்பட்டார்கள். ஆடுபவர்கள் காத்திருந்து சலித்து, 'சூப்பர்ப் சர்வைவர்ஸ்' என்ற மாட்டில் தாங்களே அவர்களைக் கொண்டுவந்தார்கள். ஹைட்ரோகிராஃப்ட் மாட்டில் கைத்தொழிலும் கால்நடையும் பல ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன. மூல விளையாட்டுக்கு ஆடு, மாடு, கோழி வந்தது 2024 டிசம்பரில் வெளியான சோதனைப் பதிப்பில்தான்.

ஜாம்பி கடித்தால் சாவு நிச்சயம் என்பது இதன் அடிப்படை விதி. 'தி ஒன்லி க்யூர்' என்ற மாட் அதில் ஒரு சந்து திறந்தது: கடிபட்டது கை என்றால், நேரத்தோடு அதை வெட்டி எடுத்துவிட்டுப் பிழைக்கலாம். மீதி ஆட்டம் முழுக்க ஒற்றைக் கைதான். கருணை காட்டும்போதும் அதற்கு விலை வைத்த அந்த மாட், நல்ல விதி எப்படி அமையும் என்பதற்குச் சிறந்த உதாரணம்.

பப்ஜி வரை

டேஸீயின் விதிகள் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவற்றில் நடைப்பிணம் இல்லை. பிரேசிலில் வசித்த பிரெண்டன் கிரீன் என்ற அயர்லாந்துக்காரர் டேஸீ ஆடியவர். புகைப்படமும் இணையதள வடிவமைப்பும் செய்துவந்தவர், விளையாட்டுத் துறையில் வேலை பார்த்தவர் அல்லர். டேஸீயில் நடந்த 'சர்வைவர் கேம்ஸ்' போட்டியும் 2000இல் வந்த 'பேட்டில் ராயல்' என்ற ஜப்பானியப் படமும் அவரை ஈர்க்க, 2013இல் டேஸீயின் மேல் தன் மாட்டை எழுதினார். கடைசி ஒருவர் மிஞ்சும்வரை ஆட்டம் நடக்கும். எல்லோரையும் ஒரே இடத்துக்குத் தள்ளப் பாதுகாப்புப் பகுதி சுருங்கிக்கொண்டே வர வேண்டும். அதைச் சதுரமாக அமைக்கத்தான் அவர் விரும்பினார். அந்த அளவுக்கு நிரல் எழுத வராததால் வட்டமாக அமைத்தார்.

அதே வட்டத்தோடு ஆர்மா 3க்கும், பிறகு எச்1இசட்1 விளையாட்டுக்கும் போனார். தென்கொரியாவின் புளூஹோல் நிறுவனம் அழைக்க, 2017 மார்ச்சில் வந்ததுதான் 'பிளேயர்அன்நோன்ஸ் பேட்டில்கிரவுண்ட்ஸ்'. நம்மூர் வாயில் பப்ஜி. வீடு வீடாகப் புகுந்து பொருள் தேடுவது, பையில் இடம் பார்த்து அடுக்குவது, அடிபட்டால் மறைவில் உட்கார்ந்து கட்டுப்போடுவது, ராணுவ முகாமில் நல்ல துப்பாக்கி கிடைக்கும் என்று உயிரைப் பணயம் வைத்து ஓடுவது எல்லாம் செர்னாரஸில் பழகியவை. பசியும் தாகமும் உதிர்ந்துபோயின, ஜாம்பிகளும் உதிர்ந்தன.

2018இல் கைப்பேசிக்கு வந்த பப்ஜி, கணினி வாங்க முடியாத வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. மலிவான டேட்டா அதற்கு வழிவிட்டது. திருச்சி, ஸ்ரீரங்கம் என்று எந்த ஊரானாலும் நான்கு பையன்கள் ஒரே திண்ணையில் தலைகுனிந்து உட்கார்ந்து ஒருவருக்கொருவர் எச்சரிக்கை கொடுத்துக்கொள்ளும் காட்சி சாதாரணமானது. 2019 ஜனவரியில் மாணவர்களோடும் பெற்றோர்களோடும் நடந்த பிரதமரின் உரையாடலிலேயே பப்ஜியின் பெயர் வந்தது. அடுத்த மாதம், ரெசிடென்ட் ஈவில் 2 விளையாட்டோடு சேர்ந்து பப்ஜி மொபைல் தன் ஜாம்பி ஆட்டமுறையை வெளியிட்டது. விடியும்வரை நடைப்பிணங்களிடமிருந்து தப்ப வேண்டும். ஏழு ஆண்டு சுற்றி, உதிர்ந்தவை திரும்பி வந்தன.

2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. 2021 ஜூலையில் புளூஹோலின் தாய் நிறுவனமான கிராஃப்டன் அதை 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்று இந்தியாவுக்கெனத் தனியாகக் கொண்டுவந்தது. அடிபட்டால் தெறிக்கும் ரத்தத்தின் நிறம் பச்சையானது. 2022 ஜூலையில் மறுபடி நீக்கப்பட்டு 2023 மே மாதம் திரும்பியபோது, 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்று வரம்பும் வந்தது. சதுரம் போட வராமல் 2013இல் போட்ட வட்டம் மட்டும் அந்தத் திரையில் இன்றும் வட்டமாகவே சுருங்குகிறது.