வெண் கன்னியாஸ்திரி மலரும் வேலைக் கைப்புத்தகமும்

மரத்தின்மேல் வளரும் செடி யாவும் புல்லுருவியே எனக் கருதுவார் நம்மிடையே பலர். ஓர்க்கிட் அவ்வினத்ததன்று. பாசி படிந்த கிளையைப் பற்றி நிற்பினும் மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை. மழையும் மூடுபனியும் தரும் நீரைத் தன் பருத்த தண்டுகளிற் சேமித்து வாழ்கின்றது. மத்திய அமெரிக்க நாடாகிய குவாத்தமாலாவில், அல்டா வெராபாஸ் மலைகளின் முகில் தோய்ந்த காடுகளுக்குரிய இத்தகைய ஓர்க்கிட் ஒன்றின் வரலாற்றையே ஈண்டு நோக்குகின்றோம். இளஞ்சிவப்பு மலர்களே அதிற் பெரும்பான்மை. அருகித் தோன்றும் தூவெண் மலரை ‘வெண் கன்னியாஸ்திரி’ என அந்நாட்டார் அழைப்பர்.

ஐரோப்பா இம்மலரை அறிந்தது வணிகத்தின் வழியாக. ஜோர்ஜ் ஊர் ஸ்கின்னர் என்னும் ஸ்கொத்லாந்து வணிகர் குவாத்தமாலா ஓர்க்கிட்களை இங்கிலாந்தில் வாழ்ந்த செல்வர் ஜேம்ஸ் பேட்மனுக்கு அனுப்பி வந்தார். தாவரவியலார் இச்செடிக்கு ஸ்கின்னரின் பெயரையே சூட்டினர். அம்மலைகளிற் காலங்காலமாக வாழ்ந்த கெக்சி மாயர் அப்பெயரீட்டில் இடம்பெறாமையில் வியப்பில்லை.

மலருக்குப் பின் கோப்பி வந்தது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கெக்சி மக்களின் பொதுநிலங்கள் ‘தரிசு’ என அளந்து விற்கப்பட்டன. வாங்கியோருட் பலர் ஜேர்மானியர். நிலம் கிடைத்தது, உழைப்போர் வேண்டுமே! 1877 இல் ஜனாதிபதி பாரியோஸ் பிறப்பித்த ஒழுங்குவிதிகள், தோட்டக்காரர் கேட்குந்தோறும் இந்தியக் குடிகளைத் தொகுதி தொகுதியாக அனுப்பும் கடமையை அதிகாரிகள்மேற் சுமத்தின. முற்பணக் கடனும் அம்மக்களைத் தோட்டத்தோடு பிணித்தது.

1934 ஆம் ஆண்டை நாம் சற்றுக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அவ்வாண்டு பெப்ரவரி 11 ஆந் திகதி, சர்வாதிகாரி ஹோர்கே உபிக்கோ வெண் கன்னியாஸ்திரியைத் தேசிய மலராகப் பிரகடனஞ் செய்தார். மே மாதத்திற் கடனடிமை முறையை ஒழித்தார். உடனேயே அலைந்து திரிவோர்க்கெதிரான சட்டத்தைக் கொணர்ந்தார். போதிய நிலமில்லாதவன் ஆண்டுக்கு 100 முதல் 150 நாள்வரை பிறர் தோட்டத்தில் உழைத்தாக வேண்டும். உழைத்த நாட்கள் அவன் சுமக்கும் கைப்புத்தகத்திற் பதியப்பட வேண்டும். கணக்குக் குறைந்தால் தண்டனை. நிலத்தைப் பறித்தபின் நிலமில்லாமையையே குற்றமாக்கிய சட்டம் இது! கைப்புத்தகத்திற் கையொப்பமிடுபவனோ தோட்டக்காரன்.

மக்களின் எதிர்ப்பு மூண்டெழ, 1944 யூலை 1 ஆந் திகதி உபிக்கோ பதவி துறந்தார். அவ்வாட்சியின் பின் கைப்புத்தகமும் ஒழிந்தது. மலர் இன்றும் தேசிய மலரே. குவாத்தமாலாவின் 50 சென்டாவோ நாணயத்தில் அதன் உருவைக் காணலாம்.