பரிசு தவறிய ‘வெண்பா’

பிள்ளைகள் கேம் விளையாடினால் ஏசத்தான் நமக்குத் தெரியும். 2023 ஜூலையில் வந்த ‘வெண்பா’வைப் பார்த்தபோது வாய் மூடிக்கொண்டோம்.

டொரொன்டோவில் தமிழர் ஒருவர் தொடங்கிய சிறிய நிறுவனம் செய்தது. கதையில், 1980களின் கடைசியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். வெண்பாவின் தாய் கொடுத்த சமையல் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விடுபட்டதை ஊகித்து இட்லியும் புட்டும் நாம்தான் அவிக்க வேண்டும். (தேங்காய்ப்பூவையும் மாவையும் மாறி மாறிப் போடுவதை நமக்கா சொல்லித்தர வேண்டும்!) மகன் கவின் வளர வளர ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறான். கட்டாரிலும் லண்டனிலும் பிள்ளைகள் உள்ள நமக்கு இது புதிதல்ல. வீடியோ கோலில் உம்மம்மா தமிழில் கேட்க, பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான்.

அந்த டிசம்பரில் த கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த கேம் பல்டர்ஸ் கேட் 3. அறிமுகக் கேமுக்கான பரிசைக் கொக்கூன் கொண்டுபோனது. வெண்பா பரிந்துரையோடு நின்றது. ஆனால் 2024 ஏப்ரலில் பிரித்தானியாவின் பாஃப்டா, அறிமுகக் கேம் விருதை வெண்பாவுக்கே கொடுத்தது. நமக்கு டிசம்பரிலேயே அதுதான் முதலாவது.

நம்மூரில் உம்மாவின் சமையல் எழுத்தில் உள்ள வீடு எத்தனை? இருந்தால் கீழே சொல்லுங்கள்.