அணைச் சண்டையும் ஏலக்காட்டுக் கூலியும்

முல்லைப் பெரியாறு அணையை வைத்து 2011 நவம்பரிலும் டிசம்பரிலும் நடந்ததை இரு மாநிலப் பத்திரிகைகளும் போர்ச்செய்தி போலத்தான் எழுதின. அந்தச் செய்திகளில் ஒரு கூட்டம் திடீரென்று வந்து திடீரென்று மறைந்தது: இடுக்கி ஏலக்காடுகளுக்குக் கூலிக்குப் போகிற தேனி மாவட்டத்துப் பெண்கள். அவர்கள் எப்படிச் செய்தியானார்கள், அப்புறம் எப்படி இல்லாமல் போனார்கள்?

1956 நவம்பர் 1ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. எல்லை மாறியது, பிழைப்பு மாறவில்லை. போடி, தேவாரம், கம்பம் பக்கத்துச் சேரிகளிலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறுகிறவர்களில் தலித் பெண்கள் ஏராளம். காய் எடுக்கிறவள் மலையில். காய்க்கு விலை வைக்கிற ஏலக்கூடமோ போடியில்.

காயெடுப்புக் காலமான அந்த டிசம்பரில் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டார்கள். காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் உண்டு. பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டதாகத் தமிழ்ப் பத்திரிகைகள் எழுதின. கேரள அரசுத் தரப்பு மறுத்தது. இங்கே மலையாளிகளின் கடைகள் நொறுக்கப்பட்டன. கூலிக்காரி ஒரே நாளில் 'தமிழச்சி' ஆனாள். அவளுடைய மானம் மாநிலத்தின் மானமானது. அவள் சாதியும் கூலியும் யாருக்கும் தேவைப்படவில்லை.

நார்வே சமூகவியலாளர் யோஹான் கால்டுங், மாரி ரூகேயோடு சேர்ந்து 1965ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நார்வேயின் நான்கு பத்திரிகைகள் எழுதிய விதத்தை ஆராய்ந்தது அது. சட்டென்று வெடிக்கிற சம்பவமும் பெரிய மனிதர்களின் காரியமும் எளிதில் செய்தியாகும்; மெல்ல நடப்பது ஆகாது என்றார்கள். 1969ல் கால்டுங் அமைப்பு சார்ந்த வன்முறை பற்றி எழுதினார்: அடிக்கிற கை கண்ணுக்குத் தெரியாமலே ஆளைச் சிதைக்கிற வன்முறை.

ஏலக்காட்டில் இரண்டும் உண்டு. மருந்தடித்த செடிக்கடியில் குனிந்து காய் பொறுக்குவதும், கங்காணியின் ஏச்சும், ஒதுங்க இடமில்லாத பகலும் யாருக்குச் செய்தி? தண்ணி நூத்தி முப்பத்தாறு அடியில நின்னாலும் நூத்தி நாப்பத்திரெண்டுல நின்னாலும் ஏச்சு ஒண்ணுதானே! 2014 மே 7ல் உச்ச நீதிமன்றம் 142 அடி என்று தீர்ப்புச் சொன்னது. பட்டாசு வெடித்தோம். மறுநாளும் ஜீப் போனது.

இந்தக் கண்கட்டு போடிக்குப் புதுசில்லை. 1989 செப்டம்பரில் இங்கே நடந்த சாதி வன்முறைக்கு இன்றும் 'கலவரம்' என்றுதான் பேர். அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தட்டில் வைக்கிற சொல் அது.

சட்டம் இல்லாமல் இல்லை. பணியிடப் பாலியல் வன்முறைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், முதலாளி ஏற்பாடு செய்த வண்டியையும் பணியிடம் என்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்காக மாவட்டக் குழு வைக்கச் சொல்கிறது. ஆனால் வீடு தேனியில், வேலை இடுக்கியில். கூலியை விட்டுவிட்டு எந்தப் பெண் மலை தாண்டிப் போய் மனுக் கொடுப்பாள்?

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள், 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். ஆண் தொழிற்சங்கத் தலைவர்களை அண்டவிடவில்லை. பெண்கள் ஒற்றுமை என்று பொருள்படும் 'பெம்பிளை ஒருமை' அவர்களே வைத்துக்கொண்ட பேர். ஒன்பது நாளில் நிர்வாகம் பணிந்தது. அப்போது பத்திரிகைக்காரர்கள் மலையேறிப் போய் அவர்கள் வாயிலிருந்தே கேட்டு எழுதவேண்டி வந்தது.

அடுத்த அணைச் சண்டை வரும்வரை ஏலக்காட்டுப் பெண்ணும் காத்திருக்க வேண்டுமா? சண்டையில்லாத நாளில் ஜீப் நிற்கிற இடத்துக்கு நோட்டோடு போக நம்மில் எத்தனை பேர் தயார்?